‘தூங்குகிற பிள்ளையை எழுப்பாதே!’ என்றேன்

என் பேரன் பிறந்தபோது எடை 4 கிலோ 100 கிராம். 2019 ஆகஸ்டில், திண்டுக்கல்லில் என் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு நர்ஸிங் ஹோமில் தலைப்பிரசவம். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்ததும், “அடேயப்பா, என்ன கனம்!” என்று எல்லோரும் மூக்கில் விரலை வைத்தோம். திருஷ்டி சுற்ற உப்பும் மிளகாயும் எடுத்துவரச் சொல்லி மதினி வீட்டுக்கு ஆள் அனுப்பினாள்.

என் மருமகள் வேறு யாருமில்லை, என் அண்ணன் மகள்தான். ஆகவே எனக்கு அங்கே இரட்டை அதிகாரம். பெண்ணுக்கு அத்தை, பிள்ளைக்கு அப்பத்தா. யார் என்ன சொன்னாலும் கடைசியில் என் பேச்சுதான் எடுபடும்.

மறுநாள் மத்தியானம் மருமகள் மெதுவாகச் சொன்னாள்: “அத்தை, பிள்ளை சரியாவே குடிக்க மாட்டேங்கிறான். ரெண்டு இழுப்பு இழுத்துட்டுக் கண்ணை மூடிக்கிறான். எழுப்பட்டுமா?”

“தூங்குற பிள்ளையை எழுப்பாதே தாயி! பசிச்சாத் தானா அழுவான்” என்றேன்.

சாயங்காலம் அவன் கை லேசாக நடுங்கியது. குளிருகிறது போல என்று இன்னொரு துணியைப் போர்த்திவிட்டேன். அழவே அழாத பிள்ளை, தங்கமான பிள்ளை என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமை வேறு.

சகோதரிகளே, நான் படிக்காதவள் இல்லை. 31 வருஷம் உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்தியவள். மூளைக்கு உணவு குளுக்கோஸ், கணையத்தில் பீட்டா செல் இன்சுலினைச் சுரக்கிறது, ஆல்ஃபா செல் குளுக்ககானைச் சுரக்கிறது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டவள். அத்தனையும் அன்றைக்கு எங்கே போயிற்று?

மூன்றாம் நாள் விடியற்காலை பிள்ளையின் கண் ஒரு பக்கமாக நிலைகுத்தி நின்றது. வலது கை விட்டு விட்டு வெட்டியது. ஓடி வந்த நர்ஸ் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தாள். சர்க்கரை 22! மிஷின் ரிப்பேரோ என்று மறுபடி குத்தினாள். அதே கதைதான். பெரிய எடையோடு பிறக்கிற பிள்ளைக்குப் பிறந்த சில மணி நேரத்துக்குள் சர்க்கரை பார்த்திருக்க வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அங்கே யாரும் பார்க்கவில்லை. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நான் மட்டும் என்ன கிழித்தேன்?

குளுக்கோஸ் டிரிப்போடு ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டு போனோம். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பச்சிளங் குழந்தைகளுக்கான வார்டு. டிரிப் ஏறினால் சர்க்கரை ஏறும். கொஞ்சம் குறைத்தால் மடமடவென்று இறங்கும். சாதாரணமாக ஒரு குழந்தைக்குத் தேவைப்படுவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் குளுக்கோஸ் போய்க்கொண்டிருந்தும் 60-ஐத் தாண்ட மாட்டேன் என்றது. ஒருமுறை 38-க்கு இறங்கியபோது டாக்டரம்மா அவசரமாக ரத்தம் எடுத்து அனுப்பினார். மறுநாள் எங்களைக் கூப்பிட்டார்.

“பாட்டிம்மா, பிள்ளைக்கு இன்சுலின் ஜாஸ்தி.”

எனக்குப் புரியவில்லை. என் வீட்டுக்காரருக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை வியாதி. இன்சுலின் பற்றாமல் ஊசி போட்டுக்கொள்கிறவர். “இன்சுலின் குறைஞ்சாத்தானே வியாதி?” என்று கேட்டேன்.

“குறைஞ்சாலும் வியாதிதான், கூடினாலும் வியாதிதான். சர்க்கரை 38 இருக்கும்போது ரத்தத்தில் இன்சுலின் கிட்டத்தட்ட இருக்கவே கூடாது. இவனுக்கு நிறைய இருக்கு. குழாயில வாஷர் போயிட்டா, குடம் வழிஞ்சாலும் தண்ணி கொட்டிக்கிட்டே இருக்குமே, அந்த மாதிரி.”

பிள்ளை ஏன் அத்தனை பெரியதாகப் பிறந்தான் என்பதும் அப்போதுதான் விளங்கியது. வயிற்றில் இருக்கும்போதே அளவுக்கு மீறிய இன்சுலின், வந்த சத்தையெல்லாம் சதையாகவும் கொழுப்பாகவும் சேர்த்து வைத்திருக்கிறது. நாங்கள் திருஷ்டி சுற்றிய அந்தக் கனம் வியாதியின் கனம்! இன்னொன்றும் சொன்னார். பட்டினி கிடக்கும்போது உடம்பு கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன் என்ற பொருளைச் செய்யும். அரிசி இல்லாத வீட்டில் கேழ்வரகு மாதிரி, சர்க்கரை இல்லாதபோது மூளை அதை வைத்துச் சமாளிக்கும். ஆனால் இன்சுலின் அதிகமாக இருந்தால் கொழுப்பைக் கரையவே விடாது. அரிசியும் இல்லை, கேழ்வரகும் இல்லை. அதனால்தான் இந்த வகைச் சர்க்கரைக் குறைவு பிஞ்சு மூளைக்கு அத்தனை ஆபத்து.

முதலில் டையசாக்சைடு என்ற மருந்தை வாய்வழியாகக் கொடுத்தார்கள். பீட்டா செல்லின் சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு. சர்க்கரை ஏறும்போது அது மூடிக்கொள்ளும், அப்போது இன்சுலின் வெளியே வரும். சர்க்கரை இறங்கினால் கதவு திறந்து, இன்சுலின் நிற்கும். இவனுக்குக் கதவு எந்நேரமும் மூடியே கிடக்கிறது. அந்த மருந்து கதவைத் திறந்து பிடிக்கப் பார்க்கும். ஆனால் கதவே சரியாக அமையாத பிள்ளைக்கு எதைப் பிடிப்பது? ஐந்து நாள் பார்த்தும் பலனில்லை.

ஆறாம் நாள் டாக்டரம்மா, “மூளையில் கண்டுபிடிச்ச ஒரு பொருளை வைச்சுச் செஞ்ச மருந்து இருக்கு. அதைப் போட்டுப் பார்க்கலாம். இந்த வியாதிக்கென்று அனுமதி வாங்கிய மருந்து இல்லை, ஆனா வேற வழி இல்லாதப்போ உலகம் முழுக்க டாக்டர்கள் போடறாங்க” என்று விவரமாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். மருந்தின் பெயர் ஆக்ட்ரியோடைட். தொடையில் தோலுக்கு அடியில், ஆறு மணி நேரத்துக்கு ஒரு ஊசி. போட்ட அன்று இரவு சர்க்கரை 140. டிரிப்பைக் குறைத்தார்கள். மருமகள் அன்றுதான் முதல்முறையாக முழுச் சாப்பாடு சாப்பிட்டாள்.

மூளைக்கும் கணையத்துக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற நேரமெல்லாம் என் மகன் எதையாவது எடுத்துவந்து கொடுப்பான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பேன். வாத்தியார் புத்தி போகுமா?

1973. நான் பி.எஸ்ஸி. விலங்கியலில் சேர்ந்த வருஷம். அந்த வருஷம்தான் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சால்க் ஆராய்ச்சி நிலையத்தில், ரோஜர் கில்லமினும் பால் பிரேசோவும் மற்றவர்களும் இந்தப் பொருளைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். அவர்கள் தேடியது வேறு. வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டிவிடுகிற பொருள் மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் என்று லட்சக்கணக்கான ஆட்டு மூளைத் துணுக்குகளை அரைத்து வடிகட்டித் தேடினார்கள். (ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தலைக்கறி வாங்குகிற வீட்டில் பிறந்தவள் நான். ஆட்டு மூளைக்கு இப்படி ஒரு பெருமை இருக்கும் என்று நினைத்ததில்லை.) கிடைத்ததோ நேர் எதிரான பொருள். அது வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டவில்லை, ‘போதும், நிறுத்து’ என்றது. அதற்குச் சொமாடோஸ்டாடின் என்று பெயர் வைத்தார்கள். 14 அமினோ அமிலங்களைப் பூச்சரம் மாதிரிக் கோத்த சின்ன இழை. இப்படிப்பட்ட சின்னச் சரத்துக்குத்தான் பெப்டைட் என்று பெயர். இன்சுலினில் 51 பூ.

அதை சியாட்டில் நகரத்தில் பபூன் குரங்குகளுக்கு ஏற்றிப் பார்த்தபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. ரத்தத்தில் இன்சுலின் குறைந்தது. அப்படியானால் சர்க்கரை ஏற வேண்டும் அல்லவா? ஏறவில்லை, இறங்கியது! காரணம், சர்க்கரையை ஏற்றுகிற குளுக்ககானும் கூடவே அடங்கிவிட்டது. வண்டியை ஓட்டுகிறவனையும் இழுத்துப் பிடிக்கிறவனையும் ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற ஆள் அது. 1974-ல் இது வெளிவந்தது.

பிறகு பார்த்தால், இந்தச் சொமாடோஸ்டாடின் மூளையில் மட்டும் இல்லை. கணையத்திலேயே, நான் படம் போட்ட அந்த பீட்டா, ஆல்ஃபா செல்களுக்கு நடுவில், டெல்ட்டா செல் என்று மூன்றாவது ஒன்று உட்கார்ந்துகொண்டு இதையே சுரக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரையும் அடக்கி வைப்பது அதன் வேலை. குடலிலும் சுரக்கிறது. ரத்தத்தில் சுற்றிவருவதில் பெரும்பகுதி குடலிலிருந்து வருவதுதானாம். மூளையில் இருப்பது அங்கேயே, பக்கத்திலிருக்கும் பிட்யூட்டரிக்குச் சேதி சொல்லிவிட்டு அடங்கிவிடும். ஒரே சேதிக்காரன், மூன்று ஊரில் வேலை. 31 வருஷமும் டெல்ட்டா செல்லை நான் ஒருமுறைகூடப் பலகையில் வரையவில்லை. பாடப் புத்தகத்தில் இருக்கவில்லை, நானும் தேடவில்லை.

இயற்கையான சரத்தை ஊசியாகப் போட்டால் இரண்டு மூன்று நிமிஷத்தில் பாதி அழிந்துபோகும். ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் சான்டோஸ் கம்பெனி விஞ்ஞானிகள், முக்கியமான பகுதியை வைத்துக்கொண்டு எட்டே பூவில் சுருக்கி, எளிதில் அறுபடாதபடி கட்டினார்கள். 1982-ல் அறிவித்த அந்த எட்டுப் பூச் சரம்தான் என் பேரன் தொடையில் ஏறிய ஆக்ட்ரியோடைட். பாதி கரைய ஒன்றரை மணி நேரம் ஆகும்.

இந்தக் கதையில் ஒரு பெண்மணியும் வருகிறார். பிள்ளையின் ரத்தத்தில் இன்சுலின் எவ்வளவு என்று ரிப்போர்ட் வந்ததே, அப்படி அளக்க முடியும் என்று முதலில் காட்டியவர் ரோசலின் யாலோ. நியூயார்க்கில் 1921-ல் பிறந்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரியில் டாக்டர் சாலமன் பெர்சனோடு சேர்ந்து 1950-களில் அந்த முறையைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்னால் அத்தனை நுணுக்கமான அளவை ரத்தத்தில் யாராலும் அளக்க முடியவில்லை. இரண்டு பேரும் காப்புரிமை எடுக்காமல் எல்லோருக்கும் விட்டுவிட்டார்கள். 1977-ல் மருத்துவ நோபல் பரிசில் பாதி யாலோவுக்கு. மறுபாதி, மூளைப் பெப்டைட்களைக் கண்ட கில்லமினுக்கும் ஆண்ட்ரூ ஷாலிக்கும். பெர்சன் 1972-லேயே காலமாகிவிட்டார். என் பேரனுக்கு வியாதியைச் சொன்னதும் மருந்தைத் தந்ததும் ஒரே வருஷத்து நோபல் பரிசு!

கதை முடியவில்லை. நாலைந்து நாளில் அதே அளவு மருந்துக்கு முன்போலக் கேட்கவில்லை. உடம்பு பழகிவிடுமாம். அளவைக் கூட்டினார்கள். வயிறு உப்புகிறதா என்று மணிக்கொரு தரம் பார்த்தார்கள், சின்னக் குழந்தைக்குக் குடலில் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும் அபாயம் உண்டு. ‘போதும், நிறுத்து’ என்கிற பொருள் வேண்டாத இடத்திலும் அப்படித்தான் சொல்லும். பித்தப்பையில் கல் சேரலாம், வளர்ச்சி ஹார்மோன் அடங்குவதால் உயரம் குறையலாம். கணையத்தின் பெரும்பகுதியை ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவது இன்னொரு வழி. ஆனால் அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பின்னால் சர்க்கரை வியாதி வந்துவிடும். மருந்து கேட்கிற வரையில் கத்தி வேண்டாம் என்றார் டாக்டரம்மா.

47-ஆம் நாள் வீட்டுக்கு வந்தோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கடிகாரம் வேறு மாதிரி ஓடியது. காலை 5, பகல் 11, மாலை 5, இரவு 11. ஊசி போடக் கற்றுக்கொண்டவர்கள் மருமகளும் நானும். இன்று வலது தொடை என்றால் அடுத்தது இடது. மருந்து ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும், ஆனால் ஜில்லென்று போட்டால் பிள்ளை துடிப்பான், அரை மணி முன்னதாக எடுத்து வெளியே வைக்க வேண்டும். கரண்ட் போனால் எனக்கு நெஞ்சு படபடக்கும். இன்வெர்ட்டர் வாங்க என் இரண்டு வளையல் போயிற்று. ராத்திரி மூன்று மணிக்கொருமுறை எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும். ஆமாம், எழுப்பி! தூங்குகிற பிள்ளையின் உள்ளங்காலைச் சுரண்டி எழுப்புகிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சர்க்கரை 70-க்குக் கீழே போகக் கூடாது. போனால் உடனே பால், அதற்கும் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரி. அப்படி ஆறு தடவை ஓடியிருக்கிறோம்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி ஆகாது, பயப்பட வேண்டாம். பொதுவாக 30,000 முதல் 50,000 பிரசவத்தில் ஒன்று என்கிறார்கள். ஆனால் பிறந்த முதல் சில நாளில் உங்கள் குழந்தை பாலை மறுத்துத் தூங்கிக்கொண்டே இருந்தால், துவண்டு கிடந்தால், கை கால் நடுங்கினால், ‘சமர்த்துப் பிள்ளை’ என்று சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். ஒரு சொட்டு ரத்தம், ஒரு நிமிஷம், தெரிந்துவிடும். இது மற்றக் காரணங்களால் வரும் சர்க்கரைக் குறைவுக்கும் பொருந்தும். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி இருந்தாலும், பிள்ளை குறை மாசத்திலோ எடை குறைவாகவோ பிறந்தாலும் சர்க்கரை இறங்கக் கூடும்.

உறவுக்குள் கல்யாணம் அதிகமாக நடக்கிற சில இடங்களில் இது 2,500-க்கு ஒன்று என்கிற அளவுக்கு வருகிறதாம். இதைச் சொல்லும்போது டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. மரபணுப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. அந்தக் கதவைச் செய்வதற்கான ஏபிசிசி8 என்ற மரபணுவில் ஒரு பிழை. அதே பிழை அப்பாவிடம் ஒரு பிரதி, அம்மாவிடம் ஒரு பிரதி. ஒரு பிரதி இருந்தால் ஒன்றும் செய்யாது. பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்துவிட்டது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் மகனுக்கு அது என்னிடமிருந்து வந்தது, மருமகளுக்கு என் அண்ணனிடமிருந்து. எங்களுக்கு எங்கள் அப்பாவோ அம்மாவோ கொடுத்தது. 64 வருஷமாக என் உடம்பில் சத்தம் போடாமல் இருந்திருக்கிறது.

மகன் அப்போது வேறு ஒரு பெண்ணைச் சொன்னான். அண்ணன் பெண் இருக்கும்போது அசலில் எதற்கு என்று பிடிவாதம் பிடித்தவள் நான். இதை இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒருநாள் ராத்திரி 11 மணி ஊசி போட்டுவிட்டு மருமகளிடம் சொன்னேன். “இப்ப அதைப் பேசி என்ன அத்தை, சிரிஞ்சைக் கீழே போடுங்க, குத்திரப் போகுது” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மன்னித்தாளா இல்லையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பலருக்கு வயது ஏற ஏற இந்த வியாதி தணிந்துவிடுமாம். பேரனுக்கும் மூன்று வயதிலிருந்து அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 2024 தை மாசம் ஆஸ்பத்திரியில் வைத்து, மருந்தில்லாமல் பல மணி நேரம் பட்டினி போட்டுச் சோதித்தார்கள். 70-க்குக் கீழே இறங்கவில்லை. அன்றோடு ஊசி நின்றது. இப்போது ஆறு வயது. பேச்சு இரண்டு வருஷம் தாமதமாக வந்தது. நீளமான வாக்கியம் இன்னும் திக்கும். அந்த முதல் மூன்று நாளில் போனது அது. என் முன்னாள் மாணவி ஒருத்தி பேச்சுப் பயிற்சி கொடுக்கிறாள், வாரம் இரண்டு நாள் கூட்டிப்போகிறேன்.

போன மாசம் என் தங்கை வந்தாள். அவள் பேத்தியை என் மூத்த பேரனுக்குப் பேசலாமா என்று கேட்டாள். முடியாது என்றேன், காரணத்தையும் சொன்னேன். “உனக்கு மட்டும் ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?” என்று எழுந்து போனவள் இன்னும் போன் பண்ணவில்லை.

மருமகள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள், எட்டாம் மாசம். நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். கருவிலேயே பார்க்கிற பரிசோதனை உண்டு. வேண்டாம் என்று அவளும் மகனும் முடிவு செய்தார்கள். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. பிரசவம் மதுரையில், பிறந்ததும் சர்க்கரை பார்க்க ஏற்பாடு ஆகியிருக்கிறது.

நேற்று பிரசவப் பையை அடுக்கினேன். பழைய வேட்டித் துணிக்கு மேல் குளுக்கோமீட்டரை வைத்தபோது பேரன் வந்து எட்டிப் பார்த்தான்.

“அப்பத்தா, பாப்பாவுக்கும்... குத்துவியா?”

“முதல்ல குத்திப் பார்த்திரணும் சாமி.”

தன் விரல் நுனியைத் திருப்பிப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டான். ஸ்டிரிப் டப்பாவை எடுத்துப் பார்த்தால் தேதி முடிந்திருக்கிறது. மகனிடம் புதுசு வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.